கன்னத்துக்குள் ஒரு முள்

சென்னையிலிருந்து கூரியரில் வந்த அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு சுற்றிய மெழுகுக் கட்டி ஒன்றும் இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளும் இருந்தன. மெழுகின் நடுவில் மிளகளவுகூட இல்லாத ஒரு பழுப்பு நிறத் திசுத் துண்டு. மதுரையில் திசு நோயியல் மருத்துவராக இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தினமும் நாற்பது, ஐம்பது துண்டுகள் என் மேசைக்கு வருகின்றன. அவை யாருடையவை என்று நினைத்துக்கொண்டிருந்தால் வேலை நகராது. எண்ணைச் சரிபார்ப்பேன், ஸ்லைடைப் பார்ப்பேன், அறிக்கை எழுதுவேன். அன்று அந்தக் கட்டியை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அது என் அக்காவின் இடது கன்னத்திலிருந்து எடுத்தது.

அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "என் பெயரை மட்டும் போடாதே, மற்றதையெல்லாம் எழுது. எனக்கு யாரும் சொல்லாததை நீயாவது நாலு பேருக்குச் சொல்" என்றாள்.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கார்த்திகை முதல் வாரத்தில் யாரிடமும் சொல்லாமல் போய்க் கன்னத்துக்கு நான்கு வீதம் எட்டு நூல்கள் வைத்துக்கொண்டாள். தொங்கும் கன்னத்தைத் தோலுக்கடியில் நூல் வைத்துத் தூக்குவது, த்ரெட் லிஃப்ட் என்று விளம்பரங்களில் வருகிறதே, அதுதான். கல்யாண வீட்டில் அவள் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. பெண்ணை அனுப்பிவைத்த இரவு, மாலைகளை எல்லாம் ஓரமாகக் குவித்துவிட்டு அலுப்பில் உட்கார்ந்திருந்தோம். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கன்னத்தில் பென்சில் முனையளவில் ஓர் ஊதாப் புள்ளி. மச்சத்துக்கு அந்த நிறம் வராது. அடிபட்ட கன்றலாக இருந்தால் ஓரம் கலங்கியிருக்கும். கேட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்.

"நூல் ஆறு மாதத்தில் தானாகக் கரைந்துவிடுமாம். அதற்குள் கொலாஜன் வளர்ந்து தோலைப் பிடித்துக்கொள்ளுமாம்" என்றாள்.

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மகளை அனுப்பிவிட்டு அழுது ஓய்ந்தவளிடம் பாடம் நடத்த மனம் வரவில்லை. மாசி மாதக் கடைசியில் அந்தப் புள்ளி இருந்த இடம் சிவந்து, சுண்டைக்காய் அளவுக்குத் தடித்துக்கொண்டது. சென்னையிலேயே ஒரு தோல் மருத்துவர் நான்கு மில்லிமீட்டர் அளவுக்குத் துளைத்து பயாப்சி எடுத்தார். நூல் வைத்து ஏறத்தாழப் பதினாறு வாரம் ஆகியிருந்தது. மெழுகுக் கட்டியை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

தோலைத் தாங்கும் நார்ப் புரதமான கொலாஜன் வளரும் என்று அவளிடம் சொன்னது பொய்யில்லை. அது எதற்காக வளர்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றித்தான்.

எங்கள் அப்பா சிவகங்கைப் பக்கம் விவசாயம் செய்தவர். ஒரு முறை வரப்பில் வரும்போது கருவேல முள் காலில் ஏறி, நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டது. அம்மா ஊசியால் நோண்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் வீக்கமும் வலியும். பிறகு வலி குறைந்தது, அந்த இடத்தில் ஒரு கட்டி மட்டும் நின்றது. விரலால் தொட்டால் தோலுக்கடியில் புளியங்கொட்டை மாதிரி நகரும். பல மாதம் அப்படியே இருந்தது. "முள்ளை உடம்பு மூட்டை கட்டி வைத்திருக்கிறது" என்று அப்பா சொல்வார். மருத்துவக் கல்லூரியில் அந்நியப் பொருளுக்குத் திசு காட்டும் எதிர்வினை என்று பின்னாளில் பாடமெடுத்தபோது, அதைவிடச் சரியாகச் சொன்னவர் யாருமில்லை என்று தோன்றியது.

இந்த அறிவு தொடங்கியதும் ஒரு முள்ளில்தான். 1882ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் இல்யா மெச்னிக்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் இளம்பருவ உயிரி கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது. உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்து அவற்றின் உடலில் குத்திவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் விடியலுக்காகக் காத்திருந்தார். காலையில் பார்த்தால் அலைந்து திரியும் செல்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. விழுங்கும் செல்கள் பற்றிய கொள்கை அங்கே பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நட்சத்திர மீனுக்கு ரோஜா முள் எப்படியோ, அக்காவின் கன்னத்துக்கு அந்த நூல் அப்படி. வைத்தவருக்கு அது சிகிச்சை. உள்ளே இருக்கும் செல்லுக்குச் சிகிச்சை என்று ஒன்று தெரியாது.

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

நெற்றிப்பொட்டுக்கு அருகே மரத்துப்போக ஊசி போட்டு, நூலை உள்ளடக்கிய நீண்ட குழல் ஊசியைத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வழியாக வாய் ஓரத்தை நோக்கிச் செலுத்துகிறார்கள். குழலை உருவியதும் நூல் உள்ளே தங்கிவிடுகிறது. நூலின் மேல் தூண்டில் முள்ளில் இருப்பதுபோலச் சின்னச் சின்ன எதிர்முட்கள். இழுத்தால் அவை திசுவில் மாட்டிக்கொண்டு கன்னத்தைச் சற்று மேலே தூக்குகின்றன. குழல் போன வழியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுபட்டிருக்கும். அங்கே கசிந்த இரத்தத்திலிருந்து ஃபைப்ரினோஜன், ஆல்புமின் போன்ற புரதங்கள் சில நொடிகளிலேயே நூலின் மேல் போர்வை போலப் படிந்துவிடுகின்றன. அதன் பிறகு வரும் செல் எதுவும் வெறும் நூலைத் தொடுவதே இல்லை. நம் இரத்தத்தின் புரதம் போர்த்திய ஒரு பொருளைத்தான் தொடுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கு இதில் வியப்பு தீரவில்லை. அந்நியப் பொருளை அடையாளம் காண்பதற்கு முன்பே உடம்பு அதன் மேல் தன் கையெழுத்தைப் போட்டுவிடுகிறது.

முதல் நாள் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் வருகின்றன. வீக்கமும் சிவப்பும் அவற்றின் வேலை. கிருமி இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் அவை குறைந்துவிடும். அடுத்து மேக்ரோபேஜ்கள், அதாவது பெருவிழுங்கிகள். இவை ஒரு பாக்டீரியாவை எளிதாக விழுங்கிவிடும், ஏனென்றால் பாக்டீரியா ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பெருவிழுங்கியோ இருபது மைக்ரான். ஆனால் முன்னால் கிடக்கும் நூலின் தடிமனே சில நூறு மைக்ரான், நீளமோ பல சென்டிமீட்டர். எலி மலைப்பாம்பை விழுங்க முயல்வதுபோல அவை நூலின் மேல் பரந்து ஒட்டிக்கொண்டு முயல்கின்றன. முடியவில்லை என்றதும் ஒன்றோடொன்று கலந்து, இடையிலுள்ள சவ்வுகளைக் கரைத்துக்கொண்டு, ஒரே பெரிய செல்லாகின்றன. ஒரு செல்லுக்குள் பத்து, இருபது, ஐம்பது உட்கருக்கள். ராட்சத செல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அப்போதும் விழுங்க முடியாது. நூலின் மேல் வீற்றிருந்தபடி பக்கத்தில் உள்ளவர்களை அழைக்கும் வேதிச் செய்திகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும்.

அந்த அழைப்பைக் கேட்டு வருபவை ஃபைப்ரோபிளாஸ்ட்கள், நார் நெய்யும் செல்கள். இவை நெய்வதுதான் கொலாஜன். முதலில் மூன்றாம் வகை என்ற மெல்லிய, ஒழுங்கற்ற இழைகள். காயத்துக்கு அவசரமாகப் போட்ட கீற்றுக் கொட்டகை மாதிரி. பிறகு வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொண்டு அதைப் பிரித்துவிட்டு முதலாம் வகையின் தடித்த கயிறுகளால் கட்டுகின்றன. நூலைச் சுற்றி ஓர் உறை உருவாகிறது. அப்பா சொன்ன மூட்டை இதுதான். நார் செல்களில் சில, தசைச் செல் போலச் சுருங்கும் தன்மை பெறுகின்றன. அவை இழுப்பதால் அந்த இடம் கொஞ்சம் இறுகுகிறது.

ஆக, நூல் வைத்த பெண்ணின் கன்னத்தில் உண்மையாகவே புதுக் கொலாஜன் இருக்கிறது. அதற்குச் சரியான பெயர் தழும்பு. இளமையில் தோலுக்கு இருந்த கொலாஜன் வேறு. அது எத்திசையிலும் பின்னிய பாய் போல இருக்கும், நடுவே எலாஸ்டின் இழைகள் ஓடும், இழுத்துவிட்டால் மீளும். தழும்பின் கொலாஜன் இழுவிசையின் பக்கமாக வரிசையாகக் கிடக்கும், எலாஸ்டின் அதில் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டு விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது.

நூல் எதனால் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரையும் நூல் என்று ஒரே பெயரில் பல பொருட்கள் இருக்கின்றன. நான் 1992இல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பிரசவ அறையில் கேட்கட் நூலால்தான் தையல் போடுவோம். பெயரில் பூனை இருந்தாலும் அது ஆட்டுக் குடலின் உட்படலத்திலிருந்தோ மாட்டுக் குடலின் வெளிப்படலத்திலிருந்தோ எடுக்கும் நார். பொட்டலத்தைப் பிரித்ததும் ஸ்பிரிட் வாடையோடு ஈரமாக வரும். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கேட்கட் ஒரு விலங்குப் புரதம். வெள்ளணுக்கள் தங்கள் நொதிகளைக் கொட்டி அதைத் தின்று தீர்க்கும். அதனால் அழற்சி அதிகம், எத்தனை நாளில் கரையும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். காயத்தைத் தைக்க எதையெல்லாம் மனிதர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால், சுஸ்ருத சம்ஹிதையில் குடல் கிழிந்தால் பெரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு, தலையை மட்டும் அங்கேயே விட்டுவிடும் முறை வருகிறது. கரையும் தையலுக்கு அதைவிடப் பழைய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு வைத்தது பாலிடையாக்ஸனோன் நூல். சுருக்கமாக பிடிஓ என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சைத் தையலுக்காக வந்தது. வயிற்றுச் சுவரைத் தைக்கவும், குழந்தைகளின் இதய அறுவையில் வளர வேண்டிய இரத்தக் குழாய்களை இணைக்கவும் இன்றும் நம்பகமான நூல். இதைக் கரைப்பது முக்கியமாகத் தண்ணீர். திசு நீர் நூலுக்குள் புகுந்து, அதன் நீண்ட சங்கிலிகளில் உள்ள எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. செல்கள் வந்து துண்டுகளை அகற்றினால் போதும். அதனால்தான் கேட்கட்டைவிட இதற்கு அழற்சி மிகக் குறைவு. கூடவே இன்னொன்று: தையல்காரரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இதற்கு ஊதாச் சாயம் ஏற்றுகிறார்கள். அறுவை மேசையில் அது வசதி. கன்னத்தில் நூல் முனை மேலே வந்துவிட்டால் வெளியே தெரியும். கல்யாண வீட்டு இரவில் நான் பார்த்த புள்ளி அந்தச் சாயம்.

பாலிலாக்டிக் அமிலத்தாலும், பாலிகேப்ரோலாக்டோனாலும் செய்த நூல்களும் இருக்கின்றன. அவை இன்னும் மெதுவாக, ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள்வரை எடுத்துக்கொண்டு கரையும். பாலிலாக்டிக் அமிலம் உடைந்தால் கிடைப்பது லாக்டிக் அமிலம். ஓடிக் களைத்த தசையில் உருவாகும் அதே பொருள், உடம்புக்கு அதைச் செலவழிக்கத் தெரியும். இதே பொருளைத் தூளாக்கி ஊசி மூலம் செலுத்தும் மருந்துக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது, எச்ஐவி நோயாளிகளின் ஒட்டிப்போன கன்னத்தை நிரப்புவதற்காக. அங்கே திசுவின் எதிர்வினையே மருந்து என்பதை மறைக்காமல் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிறார்கள் என்று வெளியே வர அஞ்சியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். எதிர்வினையை நான் இகழவில்லை. அதன் பெயரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது அக்காவுக்கு நான் சொல்லப் படாதபாடு பட்ட விஷயத்துக்கு வருகிறேன். நூல் கரைவது வேறு, நூல் வலுவிழப்பது வேறு. பிடிஓ தையல் நூலின் எடை தொண்ணூறு நாள்வரை அவ்வளவாகக் குறைவதில்லை. முழுதாக மறைய ஆறு, ஏழு மாதம் ஆகும். ஆனால் அதன் இழுவலிமை அதற்கு வெகுகாலம் முன்பே போய்விடுகிறது. பருமனான நூல் ஆறாவது வாரத்தில் சுமார் 60 சதவீத வலிமையோடு இருக்கும். மெல்லிய நூலில் நான்காவது வாரத்திலேயே 40 சதவீதம்தான் மிஞ்சும். சங்கிலியில் அங்கங்கே கண்ணி அறுந்தால் சங்கிலியின் எடை குறையாது, ஆனால் பாரம் தாங்காது. அப்படித்தான் இதுவும். முள் வெட்டிய நூலில் ஒவ்வொரு வெட்டும் நூலின் குறுக்களவைக் குறைப்பதால், வெட்டாத நூலைவிட அது தொடக்கத்திலேயே வலு குறைந்தது.

வயிற்றுத் தையலுக்கு இது போதும். அங்கே வெட்டிய இரண்டு ஓரங்களும் சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். அதுவரை பிடித்திருந்தால் நூலின் கடமை முடிந்தது. கன்னத்தில் ஒட்டுவதற்கு இரண்டு ஓரங்கள் இல்லை. கொழுப்பும் தோலும் புவியீர்ப்பில் தொங்குகின்றன, நூல் மட்டும் மேலே இழுக்கிறது. மெல்லுகிறோம், பேசுகிறோம், சிரிக்கிறோம், கொட்டாவி விடுகிறோம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை அந்த இடம் அசைகிறது. நூல் படிந்திருப்பதோ மென்மையான கொழுப்பில். அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, கத்தியே தேவைப்படாமல் வழுவழுப்பாக இரண்டாகும், அதேபோல எதிர்முள் கொழுப்பை அறுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்துவிடும். முகத்தை அறுவைச் சிகிச்சையால் தூக்கும் மருத்துவர்கள் இதனால்தான் கொழுப்பை நம்பாமல், அதற்கடியில் உள்ள நார்த்தசைப் படலத்தை இழுத்துக் கட்டுகிறார்கள். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அந்தப் படலத்தை விவரித்த பிறகே அந்த அறுவை நிலைபெற்றது.

முள் வெட்டிய நூலை முகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மார்லென் சுலமனிட்ஸே, 1990களின் பிற்பகுதியில். அவர் முதலில் பயன்படுத்தியது கரையாத பாலிபுரோபிலீன் நூல். நிரந்தரமாக உள்ளேயே இருக்கும் நூல் என்றால் நிரந்தரமாக ஒரு மூட்டையும் இருக்கும். நூல் நகர்ந்தாலும் வெளியே எட்டிப் பார்த்தாலும் எடுப்பது பெரும்பாடு. அமெரிக்காவில் 2000களின் நடுவில் வந்த அப்படிப்பட்ட ஒரு நூல் சில ஆண்டுகளிலேயே சந்தையை விட்டுப் போனது. அந்த அனுபவத்துக்குப் பிறகு பலரும் கரையும் நூலுக்கு மாறியது நல்ல மாற்றம்தான். ஆபத்து குறைந்தது. பயனும் கூடவே கரைந்துபோகிறது. 2019இல் இத்தாலிய மருத்துவர்கள் முள் வெட்டிய பிடிஓ நூல் வைத்த 160 பேரைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வைத்த உடனே தெரிந்த மாற்றம் ஆறு மாதத்தில் தேய்ந்து, ஓராண்டில் காணாமல் போயிருந்தது. மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல், பெரும்பாலும் சிறியவை. அவற்றுள் அதிகம் பேருக்கு வந்தது நூல் மேலே நகர்ந்து வருவது.

மெழுகுக் கட்டிக்குத் திரும்புகிறேன். எங்கள் தொழில்நுட்பரிடம் புதிதாக வெட்டித் தரச் சொன்னேன். மைக்ரோடோமில் மூன்று மைக்ரான் தடிமனுக்குச் சீவும்போது ஓர் இடத்தில் கத்தி கடகடத்தது. "மேடம், உள்ளே ஏதோ கடினமாக இருக்கிறது" என்றார். அதுதான் நூல். சில வெட்டுகளில் அது பெயர்ந்து விழுந்து வட்டமான ஓட்டையை விட்டுச் சென்றது. சிலவற்றில் சிக்கென்று நின்றது.

ஹீமடாக்ஸிலின், இயோசின் சாயத்தில் முதலில் பார்த்தேன். மேலே தோல் இயல்பாக இருந்தது. நூல் இருக்க வேண்டிய கொழுப்பு அடுக்கில் அது இல்லை, அதன் முனை தோலின் உள்ளடுக்குக்குள் ஏறியிருந்தது. சுற்றிலும் பெருவிழுங்கிகள், இடையிடையே ராட்சத செல்கள். ஒரு செல்லில் மட்டும் இருபத்தேழு உட்கருக்களை எண்ணினேன். அதற்கு வெளியே நார் செல்கள் வெங்காயத் தோல் போல வளையம் வளையமாக அடுக்கியிருந்தன. மேசன் சாயம் போட்டதில் அந்த வளையம் நீலமாகத் தெரிந்தது: பதினாறு வாரக் கொலாஜன், விளம்பரத்தில் சொன்ன கொலாஜன்.

நம் நாட்டில் பெருவிழுங்கிகள் இப்படிக் கூடிக் கட்டியிருப்பதைப் பார்த்தால் எந்த நோயியல் மருத்துவரும் அத்தோடு நிறுத்தக் கூடாது. காசநோயும் இதே முகத்தோடுதான் வரும். ஊசி போன வழியில் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் புகுந்து பல வாரம் கழித்துக் கட்டியாக வெளிப்படுவதும் உண்டு. எனவே அந்தக் கிருமிகளைச் சிவப்புக் கோல்களாகக் காட்டும் ஸீல்–நீல்சன் சாயம் போட்டேன், பூஞ்சைக்கும் தனியாகப் போட்டேன். சிவப்புக் கோல் ஒன்றுகூட இல்லை என்று உறுதிப்படுத்த, எண்ணெய் லென்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்லைடை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். சொந்தக்காரரின் ஸ்லைடை ஒருவர் மட்டும் பார்ப்பது சரியில்லை என்பதால் என் உடன் பணியாற்றும் மருத்துவரிடம், யாருடையது என்று சொல்லாமல் கொடுத்தேன். அவரும் அதையே எழுதினார். அந்நியப் பொருளால் வந்த கட்டி, கிருமி இல்லை.

அக்காவுக்கு போன் செய்தேன். "புற்றுநோய் இல்லைதானே?" என்றுதான் முதலில் கேட்டாள். பதினைந்து நாளாக அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அத்தானுக்குக்கூடத் தெரியாது.

பயாப்சியிலேயே மேலே ஏறிய முனை வந்துவிட்டதால் மீதியை அப்படியே விட்டுவிடலாம் என்று அவளுடைய மருத்துவர் முடிவு செய்தார். எனக்கும் அது சரியென்று பட்டது. முதல் சில நாட்களில் என்றால் நூலை உருவி எடுக்க ஓரளவு வாய்ப்புண்டு. எதிர்முட்களைச் சுற்றி நார் உறை கட்டிய பிறகு இழுத்தால் வருவது நூல் மட்டுமாக இருக்காது.

சித்திரைத் திருவிழாவுக்கு அவள் மதுரை வந்தாள். எதிர்சேவை பார்த்துவிட்டு வந்த மறுநாள், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் அவளை என் அறைக்கு அழைத்துப் போனேன். பயாலஜி ஆசிரியை அவள். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் காட்டியவள். தன் கன்னத்தைப் பார்க்கக் குனிந்தபோது அவள் கை நடுங்கியது. இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காகத் திருப்பினேன். எல்லாம் இருண்டு, நூல் துண்டு மட்டும் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. சுற்றியிருந்த கொலாஜன் வளையம் மங்கலாக மின்னியது. தகட்டை எடுத்ததும் மறுபடியும் செல்கள் தெரிந்தன.

"இத்தனை செல்களும் என்னுடையவையா?"

"ஆமாம் அக்கா."

"எனக்குத் தெரியாமலே இவ்வளவு வேலை பார்த்திருக்கின்றனவே" என்றாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த வருடம் மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று நூல் வைத்தவர்கள் சொல்லியிருந்தார்களாம், அதைப் பற்றிக் கேட்டாள். நான் அவளைத் தடுக்கவில்லை. முகம் அவளுடையது. அறுபதை நெருங்கும் ஒரு பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்து வருந்துவதை அற்பம் என்று நினைக்கிறவள் இல்லை நான். ஆனால் சிலவற்றைச் சொன்னேன். நம் நிறத் தோலில் அழற்சி எங்கே வந்தாலும் கருமை படியும். அவளுடைய பயாப்சித் தழும்பைச் சுற்றி ஏற்கெனவே படிந்திருந்தது. எங்கள் அம்மாவுக்குக் காது குத்திய இடத்தில் கீலாய்டு எனும் புடைத்து வளரும் தழும்பு வந்தது, அந்தத் தன்மை குடும்பத்தில் இருக்கிறது. நார் செல்களை வேண்டுமென்றே தூண்டும் ஒரு சிகிச்சைக்கு முன்னால் இதை யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். கேட்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருப்பதையும் அவளாகத்தான் சொல்லியிருக்கிறாள். என்ன நூல், எத்தனை, எந்த ஆழம் என்று ஒரு தாளில்கூட எழுதித் தரவில்லை. நாளைக்கு வேறொரு மருத்துவரோ, என்னைப் போல நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரோ, அந்தக் கட்டி என்ன என்று ஊகிக்க வேண்டியிருக்கும். கன்னத்தில் நூல் இருக்கிறது என்ற ஒரு வரி பயாப்சிப் படிவத்தில் இல்லாததால், காசநோய் மருந்து தொடங்கும் அளவுக்குக்கூடப் போக வாய்ப்பிருக்கிறது. இதை மட்டும் இதைப் படிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: நூலோ, ஃபில்லரோ எது வைத்துக்கொண்டிருந்தாலும் எந்த மருத்துவரிடம் போனாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஆனி மாதத்தில் கட்டி கரைந்துவிட்டது. போன கார்த்திகையோடு ஓராண்டு முடிந்தது. அக்கா வந்திருந்தபோது ஜன்னலோரமாக உட்காரவைத்து, நெற்றிப்பொட்டிலிருந்து வாயோரம்வரை கட்டைவிரலால் நூல் போன வழியைத் தடவிப் பார்த்தேன். ஏழு இடத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. நூல் போனதும் அதைச் சுற்றிய உறைக்கும் வேலையில்லை; உடம்பு அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப்போட்டுவிடுகிறது. பயாப்சி எடுத்த இடத்தில் மட்டும் அரிசி மணியளவில் ஒரு கடினம் இருந்தது. கன்னம் கல்யாணத்துக்கு முந்தைய ஐப்பசியில் இருந்த மாதிரியே இருந்தது. "வலிக்கிறதா?" என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, என் விரல் இருந்த இடத்திலேயே தன் விரலையும் வைத்துத் தேடிப் பார்த்தாள்.